மஞ்சள் திரைக்காரருக்கு அஞ்சரை

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அரை மார்க்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். சேர்ந்த புதிதில் ஒரு குரலுக்கு ஆறு போடுவதா, ஆறரை போடுவதா என்று மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ஒட்டிவிட்டவர் பக்கத்துக் கூண்டுக்காரரான தும்மல்காரர். அவர் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. குளிர்சாதனத்தின் காற்று நேராக அவர் உச்சந்தலையில்தான் இறங்கும்.

கூண்டு என்றால் நிஜக் கூண்டில்லை. மூன்று பக்கமும் பஞ்சுப் பலகை அடித்த சின்னத் தடுப்பு, ஒரு மேசை, ஒரு கணினி, காதை முழுசாக மூடுகிற ஹெட்ஃபோன். அப்படி வரிசையாக ஒரு கூடம் நிறைய. உள்ளே இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாராவது சத்தியம் செய்தால்தான் நம்பலாம்; அத்தனை அமைதி. நடுநடுவே ஒரு தும்மல் கேட்கும்.

வேலை, கேட்பது. ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர், வேலைக்குப் போகிறவர், கட்டினவரோடு போய்ச் சேர நினைக்கிறவர், எல்லாரும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். எங்கெங்கோ உள்ள அறைகளில் அவர்கள் பேசுவது பதிவாகி இந்தக் கூடத்துக்கு வந்து சேரும். பெயர் வராது, ஊர் வராது, முகம் வராது. குரல் மட்டும் வரும். அதை நாலு விதமாக நிறுக்க வேண்டும்: தடுமாறாமல் பேசுகிறாரா, சொல் கைவசம் இருக்கிறதா, இலக்கணம் நிற்கிறதா, உச்சரிப்பு புரிகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒன்பதுக்கு இத்தனை என்று மார்க். நாலையும் கூட்டி நாலால் வகுத்தால் ஒரு எண் வரும். கால் ஒட்டிக்கொண்டு வந்தால் அரையாக்கு. முக்கால் வந்தால் முழுசாக்கு. ஒரு மனிதர் கடல் தாண்டுவதும் தாண்டாததும் அந்த எண்ணில் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்பதற்கு மார்க்கே கிடையாது. பொய் சொல்லலாம். பொய்யை இறந்த காலத்தில் ஒழுங்காகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அம்மா செத்துப்போன கதையைச் சொல்லி ஒருவர் விம்மினால், அந்த விம்மலைத் தடுமாற்றத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்றுதான் இவர்கள் யோசிக்க வேண்டும். கூடத்துக்குப் பொறுப்பான மேடம் பயிற்சியில் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்.

“என்ன சொல்றாங்கன்னு கேக்காதீங்க. எப்படி சொல்றாங்கன்னு கேளுங்க. உள்ள போயிட்டீங்கன்னா வெளிய வரமாட்டீங்க.”

மேடத்துக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் தராசு. வயதில் அரை மார்க்கைவிடச் சின்னவர்தான். சிரித்தால் முள் ஆடிவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்திருப்பார்.

அவர் சொன்னது சரி என்று அரை மார்க்குக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அவள் உள்ளே போய்விடுகிற ஜாதி. பகலெல்லாம் காதுக்குள் நடந்துபோனவர்கள், சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்ததும் ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள். விழிப்புமில்லாத, தூக்கமுமில்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில், யாரோ ஒரு பெண் வர்ணித்த ஏரிக்கரையில் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பாள். யாரோ ஒரு பையன் தொலைத்த நாயைக் கூப்பிட்டுக்கொண்டே தெருத்தெருவாகப் போவாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்ததும் உண்டு.

“இன்னிக்கு எந்த ஊருக்குப் போயிட்டு வந்த?” என்பார் வீட்டுக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அரை மார்க்குக்காக அவள் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்து ஊரெல்லாம் சிரித்தபோதும் அவர் மட்டும் சிரித்ததில்லை. “கால் பவர் தப்பினாலே தலைவலி வந்துடும். அரைன்னா சும்மாவா?” என்பார். அதற்காகவே அவரை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். சண்டை வந்தால் மட்டும், “பேச்சு எட்டு, விஷயம் ரெண்டு” என்று அவருக்கும் மார்க் போட்டுவிடுவாள்.

இனி எடைக்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கதை நகராது.

மார்க் போடுகிறவர்கள் சரியாகப் போடுகிறார்களா என்று பார்க்க ஒரு ஏற்பாடு இருந்தது. பெரிய நிபுணர்கள் கூடி உட்கார்ந்து ஏற்கெனவே மார்க் முடிவு செய்த சில பதிவுகளை, நிஜமான குரல்களோடு கலந்து விடுவார்கள். எது அது என்று சொல்லமாட்டார்கள். அதற்குத் தப்பாக மார்க் போட்டால் திரையின் மூலையில் சிவப்பு விளக்கு எரியும். சரியாகப் போட்டால் ஒன்றும் எரியாது. நிஜமான குரலுக்கும் ஒன்றும் எரியாது. சிவப்பு சேர்ந்துகொண்டே போனால் சம்பளமில்லாமல் மறுபயிற்சி. இந்தச் சோதனைப் பதிவுகளுக்குத்தான் கூடத்தில் எடைக்கல் என்று பெயர்.

வருஷக்கணக்கில் கேட்கிற காதுகளுக்கு எடைக்கல்லைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையா? அதே குரல் இரண்டாம் தடவை வந்தால் அது எடைக்கல். தேநீர் நேரத்தில் காதும் காதும் வைத்தாற்போல் பேச்சு நடக்கும்.

“இருமல்காரம்மா வந்தாங்களா?”

“வந்தாங்க. ஆறரை.”

“அந்தக் குதிரை ஓட்டுற பையன்?”

“ஏழு. கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்.”

இதைத் தப்பு என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. மேலிடம் நம்மைச் சோதிக்கிறது, நாம் மேலிடத்தைச் சோதிக்கிறோம், கணக்கு சரி என்று ஓடிக்கொண்டிருந்தது. அரை மார்க்கும் தன் பங்குக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அதுதான் மஞ்சள் திரைக்காரர்.

முதல் தடவை அவர் வந்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேச ஆரம்பிக்கும் முன் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு தொண்டையைச் செருமினார். ‘உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அறையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பது கேள்வி. அவர் தான் ஒருபோதும் காலே வைக்காத ஓர் அறையைச் சொன்னார்.

வேறு நாட்டில் அவர் மனைவி வாடகைக்கு இருக்கிற அறை. தொலைபேசியில் படம் உறைந்து உறைந்து நின்றுவிடுமாம். அதனால் இருவரும் படத்தை அணைத்துவிட்டுக் குரலோடு நிறுத்திக்கொண்டார்களாம். அந்த அறையை அவர் காதால்தான் அறிவார். ரயில் போனால் அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். கதவு முழுசாகச் சாத்தாது, கடைசியில் ஒரு தடவை முனகும். காலையில் திரையை இழுக்கும்போது வளையங்கள் கம்பியில் ஓடும் சத்தம் வரும். திரை மஞ்சள் நிறம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். ஒரு கூடைத் தொட்டில் இருக்கிறது. அதற்குள் மகள் இருக்கிறாள். மூச்சு விடுவது கேட்கிறது. நான் அங்கே போக வேண்டும், அதற்கு இந்தத் தேர்வில் ஆறு வேண்டும் என்று சொல்லி முடித்தார்.

அவர் ஆங்கிலம் அப்போது நொண்டியது. ‘ஏனென்றால்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மூச்சுப் பிடித்து நின்றார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். மனசு ஆறு என்றது. காது அஞ்சரை என்றது. காதைத்தான் நம்ப வேண்டும், அதற்குத்தான் சம்பளம் என்று அஞ்சரை போட்டாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அந்த மஞ்சள் திரை அவள் கண்ணுக்குள் ஆடிக்கொண்டே வந்தது. அவள் அந்த அறைக்குள் போய், கோப்பைகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

மாதங்கள் கழித்து மறுபடியும் அதே நாற்காலி, அதே செருமல், அதே மஞ்சள் திரை. ‘அடடே, நீங்க எடைக்கல்லா!’ என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். அப்படியானால் போன தடவை போட்ட அஞ்சரை சரி, சிவப்பு எரியவில்லையே! அரை மார்க்குக்கு வாழ்க்கையில் கிடைக்காத நிம்மதி அது. பதிவு முழுசாக ஓடி முடிந்தால்தான் மார்க் போடக் கட்டம் திறக்கும். ஓடட்டும் என்று விட்டுவிட்டு, கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்ததும் அந்த அறைக்குப் போய்விட்டாள். வெயில் திரைவழியாக மஞ்சளாக இறங்கியது. தொட்டிலில் குழந்தை இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்து, அவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்து இழுத்தது. எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்று கனவிலேயே ஆச்சரியப்பட்டாள். குரல் நின்றதும் விழித்து, அஞ்சரை போட்டாள். தேநீர் நேரத்தில் ஊருக்கெல்லாம் சொன்னாள்.

“மஞ்சள் திரைன்னு ஒருத்தர் வருவார். நாற்காலி கிறீச்சுங்கும். எடைக்கல்தான். அஞ்சரை.”

“ஆகா, நம்ம அரை மார்க்கே சொல்லிட்டா அப்பீலே கிடையாது” என்றார் தும்மல்காரர். அவள் சொன்னால் அது அரை இம்மி பிசகாது என்று கூடத்தில் ஒரு நம்பிக்கை.

மூன்றாம் தடவை அவர் வந்தபோது வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நாற்காலி கிறீச்சிட்டதும் அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. வாங்க, உட்காருங்க என்று பழகின விருந்தாளியிடம் சொல்வதுபோல் ஒரு தலையாட்டல். கண்ணை மூடப் போனாள். கேள்வி வேறாக இருந்தது. ‘நீங்கள் காத்திருந்த ஒரு பொழுதைப் பற்றிச் சொல்லுங்கள்.’ அது அவள் காதில் விழுந்தும் விழாமலும் போயிற்று. மஞ்சள் திரை வந்தது. கோப்பைகள் வந்தன. பிறகு அவர் சொன்னார்:

“என் மகள் இப்போது ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய், அதன்மேல் ஏறி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பெட்டி தரையில் இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். ரயில் போகும்போது கையாட்டுகிறாளாம். அதில் அப்பா வருவார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.”

அவள் கண்ணைத் திறந்தாள். கல் எப்படி வளரும்?

ஒரு பதிவு எத்தனை தடவை ஓடினாலும் அதில் உள்ள குழந்தை தொட்டிலிலேயேதான் கிடக்க வேண்டும். ஜன்னல் வரைக்கும் வரக்கூடாது. அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது. அன்று கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்து அவள் புடவையை இழுத்த குழந்தை அவளுடைய கனவு இல்லை. அதை அவர் சொல்லியிருக்கிறார். ‘இப்போது தவழ்கிறாள்’ என்று காதுக்குள் சொல்லியிருக்கிறார். இவள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறாள்.

குரல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கேள்வி கேட்பவர், ஆங்கிலம் கற்பது கடினமாக இருக்கிறதா என்று கேட்டார். அவர் மெல்லச் சிரித்தார்.

“எனக்கு ஆறு வேண்டும். முதலில் அஞ்சரை வந்தது. நிறையப் படித்தேன். மறுபடியும் அஞ்சரை. அந்த மீதி அரை எங்கே என்று என் மனைவி கேட்கிறாள். அதை எங்கேயோ வைத்துவிட்டு மறந்துவிட்டீர்கள், தேடிப் பாருங்கள் என்கிறாள்.”

அரை மார்க் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கட்டம் திறந்து, எண்ணுக்காகக் காத்திருந்தது. இந்தக் குரலுக்கு இனி அவளால் மார்க் போட முடியாது. ஆறு போட்டால் அது மன்னிப்புக் கேட்பதாகிவிடும். அஞ்சரை போட்டால் பாவம் செய்வதாகிவிடும். காது எது, மனசு எது என்று பிரித்துப் பார்க்கிற இடத்தில் அவள் இல்லை.

அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. ‘இவர் எனக்குத் தெரிந்தவர்’ என்று அழுத்தினால், அந்தப் பதிவு வேறு ஒருவருக்குப் போய்விடும். அழுத்தினாள். என்ன உறவு என்று கணினி கேட்டது. சொந்தமா, நட்பா, அக்கம்பக்கமா? அக்கம்பக்கம் என்று தட்டினாள். அதில் ஒரேயடியாகப் பொய்யும் இல்லை. அவள் அந்த அறைக்குப் போய்வர ஆரம்பித்து எவ்வளவு காலம்! குரல் திரையிலிருந்து மறைந்தது. யாரோ நல்லவர் புதுக்காதோடு கேட்பார், போடவேண்டியதைப் போடுவார், நாம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று மூச்சு விட்டாள். இப்படி நைசாகக் கைகழுவியதில் அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது.

தேநீர் அறையில் தும்மல்காரர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா அரை மார்க், உன் ஆள் இன்னிக்கு நம்ம வீட்டுக்கு வந்தாரு.”

“எந்த ஆள்?”

“மஞ்சள் திரை. நாற்காலி கிறீச்சுனுச்சு, புரிஞ்சுபோச்சு. ஓட விட்டுட்டுப் பல்லைக் குத்திக்கிட்டு இருந்தேன். அஞ்சரை போட்டுட்டு வந்துட்டேன். புண்ணியவதி, நீ சொன்னதால காதுக்கு ஓய்வு.”

பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அவர் அதைக் கரண்டியால் தேடினார். புதுக்காது என்று அந்தக் கூடத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாக் காதிலும் அவளே போய் அஞ்சரையை ஊற்றி வைத்திருக்கிறாள். அந்த மனிதர் பத்துத் தடவை வந்தாலும், நூறு தடவை வந்தாலும், ஆங்கிலம் தண்ணீராய் ஓடினாலும், நாற்காலி கிறீச்சிட்டதும் அஞ்சரைதான். மகள் ஜன்னலிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

“அண்ணா, அவர் எடைக்கல் இல்ல.”

“பின்ன?”

“மனுஷன். நிஜ மனுஷன். திரும்பத் திரும்பப் பரீட்சை எழுதுறார்.”

தும்மல்காரருக்குத் தும்மல் வந்து, பாதியில் நின்றுவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அறையில் வேறு யாரும் இல்லையே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“சரிம்மா, விடு. இப்ப போய்ச் சொன்னா எடைக்கல் விஷயம் மொத்தமும் வெளிய வரும். உன் சீட்டு மட்டுமில்ல, எல்லார் சீட்டும் கிழியும். அவரு இன்னொரு தடவை எழுதிட்டுப் போறாரு.”

“எழுதுவார். அப்பவும் நாமதான கேக்கப் போறோம்?”

அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. கண்ணாடிக் கடையை நம்பி மட்டும் வீடு ஓடாது. இத்தனை வருஷம் ஒன்றாய்த் தேநீர் குடித்தவர்கள் நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதெல்லாம் தெரிந்துதான் அவள் போனாள். கால் தானாக நடந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. ஒவ்வோர் அடியும் திரும்பிவிடு என்றுதான் கெஞ்சியது.

தராசு மேடம் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். தான் கண்ணை மூடிய விஷயம், தேநீர்ப் பேச்சு, அக்கம்பக்கம் என்று தட்டியது, ஒன்றையும் அவள் விடவில்லை. சொல்லி முடித்ததும் மேடம் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அவரையும் கூப்பிடுங்க” என்றார். தும்மல்காரர் வந்து, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி ஓரமாக உட்கார்ந்தார். மேடம் கணினியில் எதையெதையோ தேடினார். ஒரே ஆளின் மூன்று பதிவுகள் வரிசையாக வந்தன. ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டு ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்தார். அந்தக் கட்டடத்தில் ஒரு குரல் காற்றில் வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

நாற்காலி கிறீச்சிட்டது. தொட்டிலில் குழந்தை மூச்சு விட்டது. மேடம் காகிதத்தில் நாலு எண் எழுதினார்.

“அஞ்சு, ஆறு, ஆறு, அஞ்சு. அஞ்சரை. இது நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க.”

இரண்டாவது ஓடியது. அரை மார்க் அதை முதல் தடவையாகக் கேட்டாள். ‘ஏனென்றால்’ என்ற சொல்லுக்கு முன்னால் அவர் இப்போது நிற்கவில்லை. ராப்பகலாக உட்கார்ந்து அந்த ஒரு முட்டுக்கட்டையைத் தள்ளியிருக்கிறார். வாக்கியங்கள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. குழந்தை கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தது. அம்மாவின் புடவை நுனியைப் பிடித்து இழுத்தது. ரயில் போயிற்று.

“ஆறு, ஆறு, ஆறு, அஞ்சு” என்றார் மேடம். “கூட்டினா இருபத்திமூணு. நாலால வகுத்தா அஞ்சே முக்கால். முக்கால் வந்தா?”

“முழுசாக்கணும்” என்றாள் அரை மார்க்.

“என்ன வருது?”

“ஆறு.”

சொல்லிவிட்டு அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை இல்லை. உட்கார்ந்த இடத்தில் அப்படியே, சத்தமாக. அவர் எங்கேயும் வைத்துவிட்டு மறக்கவில்லை. அந்த அரை இவள் கையில் இருந்தது. இவள் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் அது நழுவிப் போனது. அந்தக் குழந்தை எழுந்து நின்றதும், முதல் அடி வைத்ததும், விழுந்ததும், பெட்டியைத் தள்ளக் கற்றுக்கொண்டதும், எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. அத்தனையையும் அவர் காதால் மட்டுமே கேட்டிருக்கிறார்.

தும்மல்காரர் தன் கைக்குட்டையை நீட்டினார். அதைத் தொடவேண்டாம் என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றியது.

“ரெண்டாவது முடிஞ்சுபோன தேர்வு. காலக்கெடு தாண்டிடுச்சு, அதைத் தொட முடியாது” என்றார் மேடம். குரலில் எப்போதும் உள்ள இரும்பு கொஞ்சம் இளகியிருந்தது. “மூணாவது இன்னிக்கு வந்தது. அது நம்ம கையில இருக்கு.”

மூன்றாவது ஓடியது. பெட்டி தரையில் இழுபட்டது. மீதி அரை எங்கே என்று மனைவி கேட்ட இடத்தில் மேடத்தின் பேனா நின்றது. எப்படிச் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்கிற காது அது. அன்று அதுவும் உள்ளே போய்விட்டது என்று அரை மார்க் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள். முடிந்ததும் மேடம் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“இதுக்கு நான் போடக்கூடாது. நம்ம கூடத்துல யாரும் போடக்கூடாது. வேற ஊர்க் கூடத்துக்கு அனுப்புறேன், ரெண்டு பேர் தனித்தனியா கேப்பாங்க. என்ன வந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்லமாட்டாங்க. எனக்கும் சொல்லமாட்டாங்க.”

“நீங்க என்ன எழுதினீங்க மேடம்?”

மேடம் காகிதத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

அடுத்த வாரமே பழைய எடைக்கற்கள் அத்தனையும் தூக்கியெறியப்பட்டன. கூடம் முழுவதையும் சம்பளமில்லாத மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். சிலர் அவளைக் கண்டால் பாதையை மாற்றிக்கொண்டு போனார்கள். காட்டிக்கொடுத்தவள் என்ற சொல் பஞ்சுப் பலகையையும் தாண்டிக் காதில் விழுந்தது. வீட்டுக்காரர் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தப்பான கண்ணாடியைக் கொடுத்துட்டோம்னு தெரிஞ்சா ஆளைத் தேடிப்போய்ப் பிடிச்சு மாத்திக் கொடுக்கணும். வேற வழி கிடையாது” என்றார். அன்றைக்கு அவருக்கு விஷயம் ஒன்பது.

மறுபயிற்சி முடிந்து கூண்டுக்குத் திரும்பியபின் அவள் ஒவ்வொரு பதிவையும் கண்ணைத் திறந்துகொண்டே கேட்டாள். ஒவ்வொரு குரலுக்கும் முன்னால் அந்த நாற்காலிச் சத்தம் வருகிறதா என்று காது கூர்மையாகும். வராது. அடுத்ததும் வராது. அது வராதவரைக்கும் நெஞ்சு இலேசாகும். இந்தத் தொழிலில் ஒருவர் தேறினார் என்று தெரிந்துகொள்ள இருக்கிற ஒரே வழி, அவர் குரல் திரும்பி வராமல் இருப்பதுதான். அவள் அந்த வராமைக்காகக் காத்திருந்தாள். ஒரு பருவம் போயிற்று, இன்னொரு பருவமும் போயிற்று.

ஒருநாள் தேநீர் அறையில் தும்மல்காரர் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சை நிறுத்தி வைத்திருந்தவர். பிஸ்கட் பொட்டலத்தை அவள் பக்கமாகத் தள்ளினார்.

“உனக்கு வந்தாரா?”

“இல்லண்ணா. உங்களுக்கு?”

“இல்ல.” ஒரு பிஸ்கட்டை எடுத்து நனைத்தார். “இப்பல்லாம் நானும் கடைசி வரைக்கும் கேக்குறேம்மா. பல்லுகூடக் குத்துறதில்ல.”

பலமாக ஒரு தும்மல் போட்டார். இருவருமே சிரித்தார்கள்.

அன்று பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்ததும் அவள் அந்த அறையில் இருந்தாள். நெடுநாளாகப் போகாத இடம். மஞ்சள் திரை கொஞ்சம் வெளுத்திருந்தது. ரயில் வந்து, கோப்பைகள் இடித்துக்கொண்டு, ரயில் போயிற்று. மகள் பெட்டிமேல் நின்று கையாட்டினாள். ஆட்டிவிட்டு, யாரும் வரவில்லை என்று இறங்கப் போனாள். அப்போது கதவு முனகியது. வாசலில் ஒருவர் பெட்டியும் கையுமாக நின்றார். மகள் அவரைப் பார்த்ததில்லை. படம் எப்போதுமே உறைந்துதானே போகும்? யாரோ என்று நினைத்து அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலி ஒன்று கிடந்தது, அதில் உட்கார்ந்தார். அது கிறீச்சிட்டது. தொண்டையைச் செருமினார். தடுமாறினார். ஒரு சொல்கூட ஒழுங்காக வரவில்லை. கேட்டவர்கள் யாரும் ரெண்டு மார்க்குக்குமேல் போட்டிருக்கமாட்டார்கள்.

“நான்தாம்மா” என்றார்.

புடவைக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் மெல்ல எட்டிப் பார்த்தது.

“அப்பா” என்றது.

பஸ் அவள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.